ஹாட் ஹேட்ச் கார்களும் எஞ்சின் டியூனிங்கும்

எஞ்சின் டியூனிங் என்பது தொழிற்சாலையிலிருந்து வந்த எஞ்சினில் எரிபொருள் அளவு, தீப்பொறி விழும் நேரம், டர்போவின் காற்றழுத்தம் ஆகியவற்றை மாற்றி அதன் திறனைக் கூட்டும் வேலை. ஒரே காருக்காக, அதில் மாற்றப்பட்ட பாகங்களையும் அது குடிக்கும் பெட்ரோலையும் பார்த்துத் தனியாகச் செய்யப்படுவது கஸ்டம் டியூன் எனப்படுகிறது. ஐரோப்பாவில் இந்தத் தொழில் பெரிதும் வளர்ந்தது 'ஹாட் ஹேட்ச்' எனப்படும் சிறிய, வேகமான ஹேட்ச்பேக் கார்களைச் சுற்றியே. எடை குறைந்த காரில் 20 குதிரைத்திறன் கூடினாலும் ஓட்டுபவருக்கு உடனே தெரியும். பந்தயக் கார் வாங்க முடியாதவருக்கும் அது எட்டும் செலவு.

முன்னோடி

இந்த வரலாறு ஹேட்ச்பேக் அல்லாத ஒரு காரில் தொடங்குகிறது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959-இல் வெளிவந்த பிரிட்டனின் மினி 848 சிசி, 34 குதிரைத்திறன் கொண்ட குடும்பக் கார். பந்தயக் கார் கட்டுநர் ஜான் கூப்பரின் தூண்டுதலால் 1961-இல் வந்த மினி கூப்பர் 997 சிசி எஞ்சினில் 55 குதிரைத்திறன் தந்தது. வில்ட்ஷையரின் டவுன்டன் கிராமத்தில் டேனியல் ரிச்மண்ட் நடத்திய பட்டறை, மினியின் சிலிண்டர் ஹெட்டைக் கடைந்து காற்றுப் பாதையைச் சீராக்குவதில் பெயர் பெற்றது.

அக்காலத்தில் எரிபொருளின் அளவைத் தீர்மானித்தது எஸ்.யு. கார்புரேட்டருக்குள் இருந்த கூம்பு வடிவ ஊசி. ஊசி மேலெழும்பும்போது துளை அகன்று பெட்ரோல் கூடும். எந்த உயரத்தில் எவ்வளவு தடிமன் என்பதில் வேறுபடும் நூற்றுக்கணக்கான ஊசிகள் விற்பனையில் இருந்தன. சரியான ஊசியைத் தேர்வதுதான் டியூனிங்கின் பாதி. வண்டியை ஓட்டி நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். இளம்பழுப்பு என்றால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. அப்படியே ஓட்டினால் பிஸ்டன் உருகக்கூடும். இன்றைய கணினிப் பதிவுகள் தேடுவதும் இதே செய்தியைத்தான்.

கோல்ஃப் ஜி.டி.ஐ.

1975-இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு 1976-இல் விற்பனைக்கு வந்த வோல்க்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ., ஹாட் ஹேட்ச் என்ற வகையையே நிலைநிறுத்தியது. 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன். 5,000 கார்கள் மட்டும் செய்வதாகத் திட்டம்; முதல் தலைமுறை மட்டுமே 4.5 லட்சத்துக்கு மேல் விற்றது. இதிலிருந்த போஷ் கே-ஜெட்ரானிக் எரிபொருள் தெளிப்பு முழுக்க இயந்திர முறையில் இயங்கியதால், டியூனருக்குத் திருப்புவதற்குச் சில திருகுகளே கிடைத்தன. கூடுதல் திறன் வேண்டுமென்றால் உலோகத்தைத்தான் மாற்ற வேண்டும்.

திருகிலிருந்து எண்ணுக்கு

1979-இல் பிஎம்டபிள்யூ காரில் வந்த போஷ் மோட்ரானிக், எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே கணினியின் கீழ் கொண்டுவந்தது. 1980-களில் இந்த முறை சிறிய கார்களுக்கும் பரவியது. எஞ்சின் எந்த வேகத்தில், எவ்வளவு சுமையில் இருந்தால் எப்போது தீப்பொறி விழ வேண்டும் என்பது கணினியின் சிப்பில் எண்களின் அட்டவணையாக இருந்தது. டியூனர்கள் சிப்பைக் கழற்றி உள்ளிருப்பதைப் படித்தார்கள். எந்த எண் எதைக் கட்டுப்படுத்துகிறது என்று எவரும் சொல்லித்தரவில்லை. ஒன்றை மாற்றி எஞ்சினை ஓட்டிப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். தவறினால் புற ஊதா ஒளியில் சிப்பை அழித்து மறுபடி எழுத வேண்டும்.

டர்போ இல்லாத எஞ்சினில் இந்த உழைப்புக்குக் கிடைத்த பலன் சொற்பம். டர்போ வந்ததும் கணக்கு மாறியது. நான்காம் தலைமுறை கோல்ஃப் ஜி.டி.ஐ.யின் 1.8 லிட்டர் டர்போ எஞ்சின் 150 குதிரைத்திறன் கொண்டது. காற்றழுத்தத்துக்குரிய எண்களை மாற்றினாலே, ஒரு பாகத்தையும் தொடாமல், ஏறத்தாழ 40 குதிரைத்திறன் கூடியது. பிறகு காரின் கண்டறிதல் இணைப்பு வழியாகவே மென்பொருளை மாற்றும் வழி வந்ததால் சிப்பைக் கழற்றும் வேலையும் போயிற்று.

மிச்சம் யாருடையது

இந்தத் திறன் எங்கிருந்து வந்தது என்பதே முக்கியமான கேள்வி. நிறுவனம் எஞ்சினில் ஒரு மிச்சத்தை விட்டுவைக்கிறது. மட்டமான பெட்ரோல், கோடை வெயில், மலைப்பாதை, எண்ணெய் மாற்ற மறந்த உரிமையாளர், உத்தரவாதக் காலம் எல்லாவற்றுக்குமான காப்பு அது. அதே எஞ்சினை விலை உயர்ந்த காரில் அதிகத் திறனுடன் விற்கும் வியாபாரக் கணக்கும் உண்டு. கடையில் கிடைக்கும் ஆயத்த டியூன் இந்த மிச்சத்தில் ஒரு பங்கை எடுக்கிறது. கஸ்டம் டியூன் அந்த ஒரு காரில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எடுக்க முயல்கிறது.

அளப்பதில் நாக்கிங்கே எல்லைக்கோடு. தீச்சுவாலை வந்து சேருமுன் கலவையின் எஞ்சிய பகுதி தானே வெடிப்பது நாக்கிங். அதன் அதிர்ச்சியில் பிஸ்டனின் வளையம் அமரும் விளிம்பு உடையக்கூடும். டைனோ உருளைகளின் மேல் காரை ஏற்றி, மூன்றாம் அல்லது நான்காம் கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்து ஓட்டி, கலவை விகிதம், காற்றழுத்தம், நாக்கிங்குக்காகக் கணினி தீப்பொறியைப் பின்தள்ளிய அளவு ஆகியவை பதிவு செய்யப்படும். டியூனர் பதிவைப் பார்த்துக் கோப்பைத் திருத்துவார். மறுபடி ஓட்டம், மறுபடி திருத்தம். இணையம் வந்தபின் டியூனர் காரைப் பார்க்காமலே பதிவுகளை மட்டும் பெற்று வேலை செய்வதும் வழக்கமாயிற்று.

2010-களில் வந்த நேரடித் தெளிப்பு டர்போ எஞ்சின்கள் புதிய ஆபத்தைக் கொண்டுவந்தன. ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்.டி. போன்ற கார்களில் 1.6 லிட்டர் எஞ்சின் குறைந்த வேகத்திலேயே பெரும் முறுக்குவிசை தரும். இத்தகைய எஞ்சின்களில் அந்த நிலையில் எண்ணெய்த் துளியோ படிவோ தீப்பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடுவதுண்டு. இது நாக்கிங்கைவிடக் கொடியது. தீப்பொறியைப் பின்தள்ளித் தடுக்க முடியாது. இதற்கென்றே 2020-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. எண்ணெய்த் தரத்தில் ஒரு சோதனை உண்டு. கவனமுள்ள டியூனர் 2,000 சுழற்சிகளை ஒட்டிய முறுக்குவிசையை வேண்டுமென்றே அடக்கிவைப்பார். அந்த வேகத்தில்தான் முதுகில் தள்ளுவது போன்ற உணர்வு கிடைக்கிறது என்பதால் வாடிக்கையாளர் கேட்பதும் அதைத்தான்.

எத்தனால் மற்றொரு வழி. 85 விழுக்காடு வரை எத்தனால் கலந்த ஈ85 நாக்கிங்கை நன்றாகத் தாங்கும். ஆனால் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்குச் சுமார் 9.8 பங்குதான், அதனால் கணிசமாக அதிக எரிபொருள் தேவை. உயரழுத்தப் பம்ப் அதைத் தர முடியாத கார்களில் சுமார் 30 விழுக்காடு கலவையோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சட்டம்

அமெரிக்காவில் காரின் மென்பொருளைத் திறப்பதே பதிப்புரிமைச் சட்டத்துடன் மோதியது. பழுதுபார்க்கவும் சட்டத்துக்கு உட்பட்டு மாற்றவும் உரிமையாளர் அதைத் திறக்கலாம் என்று 2015-இல் விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டு வெளிப்பட்ட வோல்க்ஸ்வாகன் டீசல் மோசடி, புகைச் சோதனையை மென்பொருளாலேயே ஏமாற்றலாம் என்பதைக் காட்டியிருந்தது. அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, புகைக் கட்டுப்பாட்டை முடக்கும் பாகங்களையும் டியூன்களையும் விற்பவர்கள்மீது நடவடிக்கையைத் தீவிரப்படுத்தியது. கலிபோர்னியாவில் 2021 ஜூலை முதல் புகைச் சோதனையின்போது காரின் மென்பொருளும் சரிபார்க்கப்படுகிறது. நிறுவனத்தின் மூல மென்பொருளோ மாநிலக் காற்று வாரியம் ஒப்புதல் அளித்த மென்பொருளோ இல்லையென்றால் கார் தேறாது. ஒப்புதல் வாங்குவது, பல கார்களுக்கு ஒரே கோப்பை விற்கும் நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும். ஒரே காருக்காக எழுதி, அடுத்த மாதம் மறுபடி திருத்தப்படும் கஸ்டம் டியூனுக்கு அது கட்டுப்படியாவதில்லை.