ஹெட்போனின் பூர்வ சரித்திரம்

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் போகும் சாலையில், நகரம் முடிந்துவிட்டதென்று பிரயாணி நினைக்கும் இடத்தில் மறுபடியும் ஒரு நகரமாக எழுந்து நிற்கிற கழக்கூட்டத்தை, சரித்திரம் படித்தவர்கள் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவோடு பகைத்த எட்டுவீட்டுப் பிள்ளைமாரில் ஒருவருடைய ஊர் என்று அறிவார்கள். 1990-ஆம் ஆண்டில் வைத்தியன் குன்றின் மேல் டெக்னோபார்க் ஸ்தாபிதமான பிறகு பிறந்தவர்களோ, கணினி உத்தியோகத்துக்கு வருகிறவர்கள் வாடகைக்கு அறை தேடும் ஊர் என்று அறிவார்கள். இவ்விரு சாராரும் பெரும்பாலும் கவனியாமல் கடந்து போகிற ஒன்று, பக்கத்துக் குளத்தூரில் உள்ள ஆகாசவாணியின் ஒலிபரப்பு நிலையம். நகரத்து ஸ்டூடியோவில் ஒருவர் பாடிய பாட்டும் ஒருவர் வாசித்த செய்தியும் இங்கிருந்துதான் ஆகாயத்தில் ஏறி, நாஞ்சில் நாட்டு வீடுகள் வரைக்கும் போய்ச் சேர்ந்தன.

அந்த நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வேலைக்கு வந்து, இரண்டு பேரும் மூன்று பேருமாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களில் சிலர், இரவு வேலை முடிந்ததும் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சங்கீதம் செய்கிறார்கள். பாட்டைப் பதிவு செய்து, மிருதங்கத்தையும் கீபோர்டையும் குரலையும் அளவறிந்து கலக்கிற, அவர்கள் பாஷையில் மிக்ஸிங் என்று சொல்லப்படுகிற, அந்தக் காரியத்துக்கு எந்த ஹெட்போனை வாங்குவது என்பது அவர்களுக்குள் ஓயாத விசாரம். விலையையும் விளம்பரத்தையும் வைத்து இதற்கு விடை காண முடியாது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், இந்தச் சாதனத்தின் ஒவ்வொரு ஜாதியும் ஒவ்வொரு தேவைக்காகப் பிறந்தது. எந்தத் தேவைக்காகப் பிறந்ததோ அந்தக் குணத்தை அது இன்றுவரை விடவில்லை. ஆகையால் அதன் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்வதே தேர்வுக்கு முதற்படி.

இரண்டு காதுக்கும் இரண்டு கருவி என்ற எண்ணம், 1881-இல் பாரிஸ் நகரத்து மின்சாரக் கண்காட்சியில், க்ளெமான் அதே என்பவர் நாடக சாலையின் மேடையில் டெலிபோன் கருவிகளை ஜோடி ஜோடியாக வைத்து, தூரத்து மண்டபத்தில் இருந்தவர்களை இரு காதிலும் குழலை வைத்துக் கேட்கச் செய்தபோது உதயமாயிற்று. பாடகர் மேடையில் இடமிருந்து வலமாக நடப்பதையும் அவர்கள் கண்ணால் காணாமல் காதால் கண்டார்கள். ஆனால் தலையில் மாட்டிக்கொள்ளும் உருவத்தில் அது உபயோகத்துக்கு வந்தது சங்கீதத்துக்காக அல்ல. அமெரிக்காவில் யூட்டா பிரதேசத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின், தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போனை 1910-இல் அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். அது சோதனையில் தேறியபின் கடற்படையார் மேலும் வேண்டுமென்று கேட்டபோது, ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் செய்ய இடமில்லாத சமையலறை அது. கப்பலில் கம்பியில்லாத் தந்தி கேட்பவனுக்கு வேண்டியதெல்லாம், இரைச்சலின் நடுவே மெலிந்து வரும் ஓசையைக் கிரகிக்கிற கூர்மை ஒன்றே. ஓசை இனிமையாயிருக்கிறதா, யதார்த்தமாயிருக்கிறதா என்ற கேள்வியே அவனுக்கு எழவில்லை.

நம் பக்கத்தில், 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் ஆரம்பித்த சென்னை மாகாண ரேடியோ சங்கம் ஒலிபரப்பத் தொடங்கியபோது, மின்சாரமே வேண்டாத கிரிஸ்டல் பெட்டியை வைத்திருந்தவர் காதில் மாட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது. வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் ஒரு சமயத்தில் கேட்கிறவர் ஒருவரே. பிற்பாடு ஒலிபெருக்கி வந்தது. 1930-இல் சென்னை நகரசபை ஒலிபரப்பை ஏற்று நடத்தத் தொடங்கியபின் மெரீனாக் கடற்கரையில் கூட்டமாக நின்றே ரேடியோ கேட்க முடிந்தது. அப்போது ஹெட்போன் ஜனங்களின் காதைவிட்டு இறங்கி, நிலையத்துப் பொறியாளரின் அறைக்குள் புகுந்தது. அத்தகைய நிலையங்களில் ஒன்றான திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ரேடியோ நிலையம் 1943 மார்ச் 12-இல் திறக்கப்பட்ட நாளில், தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய தமிழ்த் தாலுகாக்களும் அந்த ராஜ்யத்தின் பகுதிகளே ஆதலால், அது நமக்கும் உரிய நிலையம் என்றே நான் கருதுகிறேன். 1950 ஏப்ரல் முதல் தேதி அது அகில இந்திய ரேடியோவோடு சேர்ந்தது.

பொறியாளர் அறைக்குள் புகுந்த ஹெட்போனுக்குப் புதிய தர்மம் ஒன்று ஏற்பட்டது. பெர்லின் நகரத்து பேயர் என்பவர் 1937-இல் வெளியிட்ட டி.டி. 48 என்ற கருவி, உண்மையைச் சொல்வதற்காகவே செய்யப்பட்டது. காது கேட்கும் திறனை அளக்கிற வைத்தியர்களும், நாக்ரா டேப் கருவியைத் தோளில் சுமந்து சினிமாவுக்குச் சப்தம் பதிந்தவர்களும் அதை நம்பினார்கள். அதன் ஓசையில் சுகம் இராது. குறை இருந்தால் குறையைக் காட்டும். மிக்ஸிங்குக்கு உகந்த ஹெட்போனின் வம்சம் இங்கேதான் தொடங்குகிறது.

மற்றொரு வம்சம் இன்பத்துக்காகப் பிறந்தது. அமெரிக்காவின் மில்வாக்கியில் ஜான் காஸ் 1958-இல் வெளியிட்ட ஸ்டீரியோ ஹெட்போன், வீட்டில் நாற்காலியில் சாய்ந்து இசைத்தட்டுக் கேட்பவருக்கு உரியது. 1979-இல் ஸோனி கம்பெனியின் வாக்மேன் அந்த இன்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. தெருவின் சந்தடியில் கேட்கிறவருக்குக் கீழ் ஸ்வரங்களை ஊதிப் பெருக்கியும் மேல் ஸ்வரங்களுக்கு மெருகிட்டும் கொடுத்தால்தான் சுவைக்கும் என்று கண்டுகொண்ட கம்பெனிகள், அதையே இன்றும் செய்து வருகின்றன. அதில் தவறில்லை. அந்தக் கருவியைக் கலவைக்கு எடுப்பதுதான் தவறு.

திருவனந்தபுரத்துக் கதைக்கு வருவோம். நேமத்தில் மெரிலாண்ட் ஸ்டூடியோ இருந்தபோதிலும், மலையாள சினிமாப் பாட்டு நெடுங்காலம் பெரும்பாலும் சென்னையிலேயே பிறந்தது. 1980-இல்தான் இரண்டு சம்பவங்கள் ஒன்றாக நேர்ந்தன: கே.ஜே. யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணி ஸ்டூடியோவைத் தொடங்கினார். அரசாங்கத்தின் சித்ராஞ்சலி ஸ்டூடியோ திருவல்லத்தில் எழுந்தது. பாடுகிறவர் கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்று, காதில் வாத்தியத்தைக் கேட்டபடி பாடுகிற வழக்கம் இவ்வூரில் அப்போது வேரூன்றியது. ஆனால் கலவை செய்கிறவர் முன்னால் பெரிய ஸ்பீக்கர்கள் இருந்தன. அவருக்கு ஹெட்போன் சரிபார்க்கும் கருவி மட்டுமே. 1989-இல் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டுத் தோட்டத்திலேயே பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டி, மூன்றாம் வருஷம் ‘ரோஜா’ வெளிவந்தபோது, ஸ்டூடியோவுக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த சுவர் பாதி இடிந்தது. மீதியை மடிக்கணினி இடித்தது.

கழக்கூட்டத்து அறையில் ஸ்பீக்கர் வைக்க இயலாது. சுவருக்கு அப்பால் ஒருவர் இரவு வேலை முடிந்து தூங்குகிறார்; இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தகரக் கூரையின் ஓசையே அறையை நிரப்பிவிடும்; வெறும் சுவர்களில் மோதித் திரும்பும் எதிரொலி, ஸ்பீக்கரின் ஓசையை இருந்தது இருந்தபடி கேட்க விடாது. ஆகவே, பொறியாளருக்குத் துணைக் கருவியாயிருந்தது இந்த இளைஞருக்குப் பிரதான கருவியாகிவிட்டது. இங்கேதான் நிதானம் வேண்டும்.

ஒரு மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பியின் ஆழ்ந்த நாதமான கும்கியை மிகைப்படுத்துகிற ஹெட்போனில் கலக்கிறவர், கும்கி போதுமான அளவுக்கு மேல் ஒலிக்கிறதென்று எண்ணி அதைக் குறைப்பார். அந்தப் பாட்டு வேறொருவர் வீட்டு ஸ்பீக்கரில் ஒலிக்கும்போது மிருதங்கம் ஒரு பக்கம் அறுந்ததுபோல மெலிந்து நிற்கும். கருவி எதைக் கூட்டிச் சொல்கிறதோ அதைக் கலப்பவர் குறைக்கிறார். எதை மறைக்கிறதோ அதைக் கூட்டுகிறார். கேட்கச் சுகமான கருவி கலவைக்கு ஆகாது என்பதன் காரணம் இதுவே. தம்பூராவின் ஜீவா நாதத்தில் எழும் நுண்ணிய மேலொலிகள் கரகரப்பின்றியும் மழுங்காமலும் கேட்கின்றனவா என்பது மறுமுனையின் பரீட்சை.

அடுத்தது மூடிய ஹெட்போனா, திறந்ததா என்பது. ஜெர்மனியின் ஸென்ஹைஸர் கம்பெனி 1968-இல் வெளியிட்ட எச்.டி. 414, பின்புறம் திறந்திருந்ததால் காற்று உள்ளே அடைபடாமல், ஓசை தலைக்குள் அழுந்தாமல் சற்று விரிந்து கேட்டது. அந்த வழியில் வந்தவையே கலவைக்கு ஏற்றவை. ஆனால் அவற்றின் ஓசை வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிடுமாதலால், குரல் பதியும்போது மூடியதே வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், அதிகம் பாடிப் பதிகிறவர் மூடியதையும், அதிகம் கலக்கிறவர் திறந்ததையும் வாங்கட்டும். மின்தடையைச் சொல்லும் ஓம் கணக்கையும் பார்க்க வேண்டும்: மேற்சொன்ன பேயரின் கம்பெனியான பேயர்டைனமிக்கின் டி.டி. 770 என்ற ஒரே மாதிரியே 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாக விற்கப்படுகிறது. 250 ஓம் கருவியை மடிக்கணினியில் நேராகச் சொருகினால் ஓசை சோர்ந்து வரும், ஆடியோ இன்டர்பேஸ் ஒன்று நடுவே வேண்டும்.

எத்தனை உத்தமமான கருவியானாலும் அதற்கு ஒரு குறை உண்டு. ஸ்பீக்கரில் இடது பக்கத்து ஓசை வலது காதிலும் கொஞ்சம் விழும், ஹெட்போனில் விழாது. அதனால் நடுவில் நிற்க வேண்டிய குரல் நெற்றிக்குள் நிற்பதாகத் தோன்றும். இரு ஓரங்களிலும் தள்ளி வைத்த வாத்தியங்கள் இயற்கைக்கு மேல் பிரிந்து கேட்கும். கலந்து முடித்ததை ஒரு முறையேனும் நண்பர் வீட்டு ஸ்பீக்கரிலோ, காரிலோ, சிறிய போனிலோ போட்டுக் கேளாமல் வெளியே அனுப்பக் கூடாது.

இவ்வளவு சொன்னபின் வாங்கப் போகிறவரிடம் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. கடைக்குப் போகும்போது புதிய பாட்டைக் கொண்டுபோகாதீர்கள். சிறுவயது முதல் ஆயிரம் தடவை கேட்டு, அதன் ஒவ்வொரு வாத்தியமும் எந்த இடத்தில் நுழைகிறதென்று தூக்கத்திலும் சொல்லக்கூடிய ஒரு பழைய பாட்டைக் கொண்டுபோங்கள். எந்தக் கருவியில் அது புதிதாகவும் அலங்காரமாகவும் கேட்கிறதோ அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எதில் நீங்கள் அறிந்தபடியே கேட்கிறதோ அதை வாங்குங்கள். வாங்கியபின் மூன்று மாதம் அதிலேயே எல்லாப் பாட்டையும் கேளுங்கள், அதன் பிறகு கலக்க உட்காருங்கள்.