மாங்குளம் சந்தியிலிருந்து ஒரு மின்னஞ்சல்

2003-ஆம் ஆண்டில் ஒரு நாள் இரவு, மாங்குளம் சந்தித் தேநீர்க் கடை ஒன்றின் வாங்கில் இருந்து, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் ஒரு செய்திக் கட்டுரையை எழுதி முடித்தேன். அதைக் கொழும்பிலுள்ள ஆசிரியபீடத்துக்கு அனுப்பவேண்டும். கிட்டிய இணையக் கடை வவுனியாவில் இருந்தது. ஏறத்தாழ 50 கிலோமீற்றர்.

நான் புறப்படவிருப்பதை அறிந்த ஒரு தாயார் அருகே வந்தார். கனடாவில் இருக்கும் மகனின் மின்னஞ்சல் முகவரி எழுதிய துண்டுக் கடதாசி அவரிடம் இருந்தது. “தம்பி, நாங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்திட்டம் எண்டு மட்டும் எழுதிவிடுங்கோ” என்றார்.

மறுநாள் புளியங்குளத்திலும் ஓமந்தையிலும் சோதனைகளை முடித்துக்கொண்டு வவுனியாவை அடைந்தபோது நண்பகல் கடந்துவிட்டது. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கட்டுரையும் அந்தத் தாயாரின் ஒற்றை வரியும் நொடிகளில் போய்விட்டன. மகனின் பதில் அன்றிரவே வந்தது. அதை அவர் கையில் கொடுக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இணைய வேகம் பற்றிய விளம்பரங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று வாரமே நினைவுக்கு வருகின்றது.

இலங்கையின் தொலைத்தொடர்பு வரலாறு பின்தங்கிய வரலாறு அல்ல. கொழும்புக்கும் காலிக்கும் இடையே 1858-இலேயே தந்தி ஓடியது. தெற்காசியாவின் முதலாவது செல்லிடத் தொலைபேசிச் சேவை 1989-இல் இங்குதான் தொடங்கியது. வர்த்தக இணையச் சேவை 1995-இல் வந்தது. ஆனால் இதே காலத்தில் வன்னி எங்கே நின்றது? 1990 நவம்பரில் மாங்குளம் இராணுவ முகாம் வீழ்ந்தது. அதன் பின் வந்த பொருளாதாரத் தடையில் எரிபொருளும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்டன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட மக்களுக்கு இணையம் என்பது கேள்விப்பட்ட பொருளாகக்கூட இருக்கவில்லை.

1998-இல் மாங்குளம் இராணுவத்தின் கைக்குப் போனது. 1999 நவம்பரில் மீண்டும் புலிகளிடம் வந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டு, ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. நான் மேலே சொன்ன மின்னஞ்சல் அந்த இடைவெளியில் பிறந்தது. 2006-இல் தெற்காசியாவின் முதலாவது மூன்றாந் தலைமுறைச் சேவை கொழும்பில் அறிமுகமானது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஏ-9 வீதி மீண்டும் மூடப்பட்டது. ஒரே நாட்டில் ஒரே ஆண்டில் ஒரு கதவு திறக்க, மறுகதவு சாத்தப்பட்டது. 2008 நவம்பரில் மாங்குளம் இறுதியாகக் கைமாறியபோது, அங்கு செய்தி அனுப்புவதற்கு மக்களே இருக்கவில்லை.

போர் முடிந்த பின்னர் கம்பியும் கோபுரமும் வந்தன. அவை வந்த விதத்தைக் கவனிக்கவேண்டும். வீதியும் தண்டவாளமும் போன வழியே அவையும் போயின. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் மீண்டும் ஓடியது. அதே ஆண்டில் நாட்டில் கைத்தொலைபேசிக்கான நான்காந் தலைமுறைச் சேவையும் அறிமுகமானது. இன்று மாங்குளம் சந்தியில் நின்றால் கைத்தொலைபேசியில் படம் பார்க்கலாம். சந்தியை விட்டு ஒலுமடு, அம்பகாமம் பக்கம் உள்ளே போகப்போக, அலை கோடு கோடாகக் குறைந்துகொண்டே வரும்.

இதற்குக் காரணம் மர்மமானதல்ல. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 3,000-க்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். மாங்குளம் அடங்கும் முல்லைத்தீவு மாவட்டத்தில் 40-க்கும் குறைவானோர். ஒரு கோபுரத்தை நிறுவும் செலவு இரண்டு இடத்திலும் பெரிதும் மாறுவதில்லை. வருமானம் பன்மடங்கு மாறும். செப்புக் கம்பியிலோ, தொலைபேசி நிலையத்திலிருந்து சில கிலோமீற்றர் தாண்டினாலே அகலப்பட்டையின் வேகம் தேய்ந்துவிடும். ஆகவே சந்தையிடம் மட்டும் விட்டால் காட்டோரக் கிராமம் எப்போதும் கடைசியில்தான் நிற்கும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. கிராமங்களுக்கான ‘நெனசல’ நிலையங்கள் 2014-இல் கேட்ஸ் அறக்கட்டளையின் விருதைப் பெற்றன. மறுபுறத்தில், பலூன் மூலம் நாடு முழுவதும் இணையம் தருவதாக 2015-இல் கூகுளுடன் செய்த உடன்பாடு ஒரு பலூன் வந்திறங்கியதோடு நின்றுபோனது.

சோதனைக் காலம் கொரோனாவுடன் வந்தது. 2021-இல் பதுளைப் பக்கத்துப் போகிட்டியாவ கிராமத்தில் ஆசிரியரும் பிள்ளைகளும் இணையத்துக்காகக் காட்டு வழியே பாறை ஏறிய செய்தியை உலகமே படித்தது. அதே நாட்களில் வன்னியில், அலை தேடிக் குளக்கட்டில் ஏறி நின்ற பிள்ளைகளை நான் கண்டேன். சிங்களக் கிராமம், தமிழ்க் கிராமம் என்ற வேறுபாடு இங்கில்லை. நகரத்துக்குத் தொலைவில் இருப்பதே இருவரும் செய்த குற்றம்.

2025 யூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவை இலங்கைக்கு வந்தது. பழைய செய்மதிகள் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நின்றன; இவை ஏறத்தாழ 550 கிலோமீற்றரில் சுற்றுகின்றன. தாமதம் குறைவு, கோபுரமும் வேண்டாம். ஆனால் வயல் கூலியை நம்பி வாழும் குடும்பம் அந்தக் கட்டணத்தை எப்படிச் செலுத்தும்? பாடசாலைக்கும் வாசிகசாலைக்கும் ஒவ்வொரு தொடுப்பை அரசோ புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களோ எடுத்துக் கொடுத்தால் ஒரு கிராமத்துக்கே போதும் என்பது என் எண்ணம்.

நாட்டின் சராசரி வேகம் இத்தனை மெகாபிட் என்று அறிக்கைகள் சொல்லும்போது, அந்தக் கணக்கில் குளக்கட்டில் நிற்கும் பிள்ளை இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தத் தாயாரை நான் பிறகு சந்திக்கவில்லை. மகனின் பதிலை வாசித்துக் காட்டியபோது அவர் கேட்டது இது ஒன்றுதான்: “இதை அவன் எப்ப எழுதினவன், தம்பி?” மூன்று வாரத்துக்கு முன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.