வெள்ளைன்னா போ, பச்சைன்னா பார்த்துப் போ

யாராவது ஒரு விஷயத்துக்குச் சம்மதம் சொன்னா 'பச்சைக்கொடி காட்டிட்டாரு'ன்னு சொல்றோம்ல? பச்சைக்கு எப்பவுமே இந்த அர்த்தம் இருந்ததில்ல.

1876 ஜனவரி 1. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை திறக்குறாங்க. மணியாச்சியில பிரிஞ்சு நம்ம திருநெல்வேலிக்கும் ஒரு கிளை. அப்போ பிரிட்டிஷ் ரயில்வேக்கள்ல சிவப்பு விளக்குன்னா நில்லு, பச்சைன்னா பார்த்துப் போ, வெள்ளைன்னா தாராளமா போ.

சரியா 20 நாள் கழிச்சு, இங்கிலாந்துல அபாட்ஸ் ரிப்டன்ங்கிற ஊர்ல கடும் பனி. கைகாட்டியோட கை கம்பத்துக்குள்ள இறங்கியிருந்தா 'போகலாம்'னு அர்த்தம். பனி உறைஞ்சு அந்தக் கையை அப்படியே பிடிச்சுக்கிச்சு. உள்ள லீவரை 'நில்லு'க்குத் தள்ளியாச்சு. வெளிய விளக்கு வெள்ளையாவே எரியுது. அதை நம்பி வந்த எக்ஸ்பிரஸ், நிலக்கரி வண்டி மேல மோதுச்சு. அந்தச் சிதைவு மேல எதிர்த்திசையில வந்த இன்னொரு எக்ஸ்பிரஸும் மோதுச்சு. பல உயிர் போச்சு.

அதுவரை வண்டி எதுவும் இல்லாதப்போ சிக்னல் 'போகலாம்'னு நிக்கும். அதுக்கப்புறம் 'நில்லு'ன்னு நிக்கணும்னு மாத்தினாங்க. வெள்ளையில இன்னொரு ஆபத்தும் உண்டு: சிவப்புக் கண்ணாடி உடைஞ்சா, உள்ள எரியுற விளக்கு வெள்ளையாத் தெரியும். 'நில்லு' தானாவே 'போ' ஆயிடும்! அதனால படிப்படியா பச்சை 'போகலாம்' ஆச்சு. எச்சரிக்கைக்கு மஞ்சள் வந்துச்சு.

விமானத்துக்கும் இதே மொழிதான். வாகைக்குளத்துல இருக்கிற தூத்துக்குடி விமான நிலையத்துக்கு ரேடியோ செத்துப்போன ஒரு விமானம் வருதுன்னு வைங்க. உலக வழக்கப்படி கோபுரத்துல இருந்து விளக்கு காட்டுவாங்க. நிலையான பச்சைன்னா இறங்கலாம். நிலையான சிவப்புன்னா மத்தவங்களுக்கு வழிவிட்டுச் சுத்திக்கிட்டே இரு. மின்னுற சிவப்புன்னா இங்க இறங்காதே.

ஆனா இறக்கை நுனியில இருக்கிற சிவப்பு, பச்சை உத்தரவு இல்ல. சிவப்பு இடது பக்கம், பச்சை வலது பக்கம், அவ்வளவுதான். அது கப்பல்கள்கிட்ட இருந்து வந்த வழக்கம்.

ஆக, நிறத்தோட அர்த்தம் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும். மாறக்கூடாதது ஒண்ணுதான்னு நான் நினைக்கிறேன். இன்னைக்கும் நம்ம ரயில்வேயில சிக்னல் விளக்கு அணைஞ்சிருந்தா, டிரைவர் அதைச் சிவப்பாத்தான் எடுத்துக்கணும். நாம? வண்ணார்பேட்டையில சிக்னல் அணைஞ்சா நாலு பக்கமும் ஒரே நேரத்துல உள்ள நுழையுறோம். பதில் தெரியலைன்னா அது 'போ' இல்ல, 'நில்லு'. ரயில்வே இதை உயிரைக் கொடுத்துக் கத்துக்கிச்சு.