எஞ்சின் இல்லாமல் இறங்கிய ஏர்பஸ்

விமான விபத்துன்னு பேச ஆரம்பித்தாலே கதை காக்பிட்டில்தான் தொடங்கும். இன்றைக்குப் பார்க்கப்போகும் கதையும் காக்பிட்டால்தான் பிரபலமானது. ஆனால் நாம் ஒரு வாரம் முன்னாடி போய், ஹேங்கரில் இருந்து ஆரம்பிப்போம்.

2001 ஆகஸ்ட் நடுவில், கனடாவின் ஏர் டிரான்சாட் நிறுவனம் தன்னுடைய ஏர்பஸ் ஏ330 விமானம் ஒன்றில் வலதுபக்க எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டியது. மாற்று எஞ்சின், தயாரிப்பாளரான ரோல்ஸ்-ராய்ஸ் இரவலாகக் கொடுத்தது. அது கொஞ்சம் பழைய அமைப்பு. இந்த விஷயம் வேலை பாதி நடந்தபிறகுதான் தெரியவந்தது: கழற்றிய எஞ்சினின் ஹைட்ராலிக் பம்ப் இதில் அப்படியே உட்காரவில்லை.

இந்த மாதிரி மாற்றத்துக்கு என்னென்ன பாகங்களைச் சேர்த்து மாற்ற வேண்டும் என்று சொல்லும் ஆவணம் இருந்தது. கம்ப்யூட்டர் நெட்வொர்க் கோளாறால் தலைமை டெக்னீஷியனால் அதைத் திறக்க முடியவில்லை. நேர நெருக்கடி வேற. போனில் ஆலோசனை கேட்டார்கள்; பழைய எஞ்சினில் இருந்த எரிபொருள் குழாயை எடுத்து இதில் போடலாம் என்று முடிவானது. அதோடு ஜோடியாக மாற்றியிருக்க வேண்டிய ஹைட்ராலிக் குழாயை மாற்றவில்லை. ஒன்று புது வகை, ஒன்று பழைய வகை. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. என்ன செய்தார்கள்? கொஞ்சம் அழுத்திப் பிடித்து, இடைவெளி வரவைத்து, நட்டை முறுக்கினார்கள். கண்ணுக்கு இடைவெளி தெரிந்தது. ஆனால் குழாய்க்குள் ஹைட்ராலிக் அழுத்தம் ஏறியதும் அது பழைய இடத்துக்கே திரும்பி, எரிபொருள் குழாய் மேல் உரச ஆரம்பித்தது.

நம்ம ஊர் பட்டறையில் தினமும் பார்க்கிற காரியம்தான் இது, இல்லையா? பைப் சரியா உட்காரலைன்னா ஒரு இழு இழுத்து மாட்டறது. மோட்டார் பம்புல அதுக்கு விலை ஒரு வாளித் தண்ணி.

ஆகஸ்ட் 24. டொரோண்டோவிலிருந்து லிஸ்பனுக்கு 306 பேருடன் போய்க்கொண்டிருந்த ஏர் டிரான்சாட் 236, அட்லாண்டிக் நடுவில். எரிபொருள் குழாய் விரிசல் விட்டது. முதல் அறிகுறி எரிபொருள் முள்ளில் வரவில்லை. வலது எஞ்சினில் ஆயில் வெப்பம் குறைவு, ஆயில் அழுத்தம் அதிகம் என்று காட்டியது. கசிவால் வழக்கத்தைவிட அதிக எரிபொருள் ஓடி ஆயிலைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது. ஆயிலுக்கும் எரிபொருளுக்கும் யார் முடிச்சுப் போடுவார்கள்? தவறான அளவீடாக இருக்கும் என்று கேப்டன் ராபர்ட் பிஷேயும் துணை பைலட் டிர்க் டி யாகரும் நினைத்தார்கள். தரையில் இருந்த பராமரிப்புப் பிரிவுக்கும் புரியவில்லை.

பிறகு, இரண்டு இறக்கைகளிலும் எரிபொருள் சமமாக இல்லை என்ற எச்சரிக்கை வந்தது. அதற்கு வழக்கமான வைத்தியம், நடுவில் இருக்கும் வால்வைத் திறந்து இரண்டு பக்கத்தையும் சமப்படுத்துவது. செக்லிஸ்ட் புத்தகத்தைப் பார்க்காமல், நினைவிலிருந்து அதைச் செய்தார்கள். கசிவு இருந்தால் இதைச் செய்யக்கூடாது என்ற எச்சரிக்கை அந்தச் செக்லிஸ்ட்டில் இருந்தது. இடதுபக்கத்தில் பத்திரமாக இருந்த எரிபொருளும் ஓட்டை வழியாகக் கடலுக்குப் போக ஆரம்பித்தது. ஹேங்கரில் நடந்ததேதான் இங்கும்: கையில் இருக்க வேண்டிய காகிதம் இல்லை, பழகிய வழக்கம் இருந்தது. பைலட்டுகளை மட்டும் நாயகர்களாக்கிய அன்றைய செய்திகளிலும் சரி, அவர்களை மட்டும் குற்றம் சொன்னவர்களிடமும் சரி, இந்த ஒற்றுமை காணாமல் போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

அசோர்ஸ் தீவுகளில் உள்ள லாஜெஸ் விமானத்தளத்தை நோக்கித் திருப்பினார்கள். வலது எஞ்சின் நின்றது. பதிமூன்று நிமிடம் கழித்து இடதும் நின்றது. லாஜெஸ் இன்னும் 65 கடல் மைல் தூரம்.

எஞ்சின் போனால் தள்ளுவிசை மட்டும் போகும் என்று நினைத்துவிடாதீர்கள். மின்சாரமும் ஹைட்ராலிக் அழுத்தமும் அதிலிருந்துதான் வருகின்றன. விமானத்தின் அடியிலிருந்து ஒரு சின்னக் காற்றாடி வெளியே வந்து சுழன்று, அத்தியாவசியத்துக்கு மட்டும் கொஞ்சம் கொடுக்கும். அதனால் ஃபிளாப் கிடையாது. வேகத்தைக் குறைக்க முடியாது. ஸ்பாய்லர் கிடையாது, ரன்வேயில் இறங்கினாலும் இறக்கை தூக்கிக்கொண்டே இருக்கும். எதிர்விசை கிடையாது. கார்ல இருக்கிற ஏபிஎஸ் மாதிரி சக்கரம் பூட்டிக்காமப் பார்த்துக்கிற அமைப்பும் கிடையாது. ஒரு முயற்சிதான். ரன்வே தப்பினால் மறுபடி மேலே ஏற முடியாது.

பத்தொன்பது நிமிடம் மிதந்து வந்தார்கள். கிட்டே வரும்போது உயரம் அதிகமாக இருந்ததால் பிஷே ஒரு முழு வட்டம் அடித்து, அப்புறமும் வளைந்து வளைந்து இறக்கினார். மணிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டு, எகிறி, மறுபடி விழுந்து, முழு பிரேக். சக்கரங்கள் பூட்டிக்கொண்டு டயர்கள் தேய்ந்து கிழிந்தன. 3 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ரன்வேயில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஓடி விமானம் நின்றது. அவசரமாக வெளியேறும்போது 18 பேருக்குக் காயம்; இருவருக்குப் பலமான காயம். யாரும் சாகவில்லை. எஞ்சின் இல்லாமல் ஒரு பயணிகள் ஜெட் இவ்வளவு தூரம் மிதந்து வந்து இறங்கியது அதுவரை நடக்காதது.

கனடா அரசு நிறுவனத்துக்கு 2,50,000 கனடிய டாலர் அபராதம் விதித்தது. எரிபொருள் சமமில்லை என்ற எச்சரிக்கை வந்தால், வால்வைத் தொடுவதற்கு முன் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும்படி விமானக் கையேட்டில் திருத்தம் வந்தது. அதே விமானம் பழுதுபார்க்கப்பட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் மறுபடி பறக்க ஆரம்பித்தது.

அடுத்த எபிசோட்ல 1983-க்குப் போவோம். மயாமியில் இருந்து கிளம்பிய ஈஸ்டர்ன் 855. மூன்று எஞ்சின், மூன்றிலும் ஒரே ரப்பர் வளையத்தைப் போட மறந்திருந்தார்கள்.