மூட்டைப்பூச்சியின் வலப்பக்கம்

பெண் மூட்டைப்பூச்சியைப் புரட்டிப் பார்த்தால் வயிற்றின் அடியில், நடுக்கோட்டுக்கு வலப்புறமாக, ஒரு சிறு பிளவு தெரியும். இடப்புறத்தில் அதற்கு இணை கிடையாது. ஆணும் ஒருபக்கக்காரன்தான். பல பூச்சிகளில் இருபுறமும் அமைந்திருக்கும் புணர்ச்சிப் பற்றுறுப்புகளில் இதற்கு இடப்பக்கத்தது மட்டுமே உண்டு. அது அரிவாள்போல் வளைந்து ஊசிமுனையாக முடியும். ஆண், பெண்ணின் முதுகில் சாய்வாக ஏறி, வால்நுனியை வலப்பக்கம் வளைத்து, அந்தப் பிளவின் வழியே உடற்சுவரைக் குத்தி விந்தைச் செலுத்துகிறது. பெண்ணுக்கு இயல்பான பிறப்புவழியும் இருக்கிறது. ஆனால் அது முட்டையிட மட்டுமே.

இந்தப் பிளவுக்குக் கீழே உள்ள பையை இத்தாலியர் ரிபாகா 1897இலும் பெர்லேசே 1898இலும் விவரித்தார்கள். அது எதற்கு என்ற கேள்வியைத் தீர்ப்பதில் சென்னை மாகாணத்துக்கும் பங்குண்டு. 1903இல் சென்னையில் டோனோவன் காலா அசார் நோயின் கிருமியைக் கண்டபின், அதைப் பரப்புவது எது என்ற தேடலில் சந்தேகம் மூட்டைப்பூச்சி மேல் விழுந்தது. கிண்டி கிங் நிலையத்தோடு தொடர்புடைய பேட்டன் இந்தச் சந்தேகத்தை வலுவாகப் பற்றிக்கொண்டார். அவரும் கிராகும் சேர்ந்து எழுதிய மருத்துவப் பூச்சியியல் பாடநூல் 1913இல் வந்தது. கிராக் 1915இலும் 1920இலும் இந்திய மருத்துவ ஆய்விதழில் விந்தணுவின் பாதையைத் துருவி எழுதினார். விந்தணுக்கள் அந்தப் பையில் சில மணி நேரம் தங்கி, உடற்குழி நீரில் நீந்தி, கருக்குழாய்களின் அடியில் உள்ள சேமிப்புப் பைகளை அடைந்து, அங்கிருந்து சூலகம் சேர்கின்றன. காலா அசாரைப் பரப்புவது மணல் ஈ என்பது 1942இல் உறுதியானது. மூட்டைப்பூச்சி விடுதலையானது, வீண்பழி சுமந்த அந்தக் காலத்தில் அதன் உள்ளுறுப்புகள் மட்டும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன.

தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படுவது வெப்பமண்டல இனமான சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். ஒருமுறை குத்துப்பட்ட பெண், ஆண் துணையின்றிச் சில வாரங்கள் கருவுற்ற முட்டைகளை இடும். ஆகவே ஓர் இடத்தில் குடியேற ஒரே ஒரு பெண் போதும். தேனிப் பகுதியின் கம்பம் பள்ளத்தாக்குக்கு இது முக்கியம். 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக இறங்கி வந்தபின் வயல்வேலை பெருகியது. மேலே ஏலத்தோட்டங்களில் காய் பறிக்கக் குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக ஆட்கள் ஏறினார்கள். பாயும் தலையணையும் சுருட்டிக்கொண்டு போய் தோட்டக் குடியிருப்பான லயத்தில் தங்கும் வேலை அது. சுருட்டிய பாயின் மடிப்பில் ஒரு பெண் பூச்சி இருந்தால், லயத்தின் பலகை இடுக்கில் ஒரு கூட்டம் உருவாக வேறொன்றும் தேவையில்லை.

வீடுகளில் இதற்கெதிரான வழக்கங்கள் எளியவை. கயிற்றுக்கட்டிலை வெயிலில் போடுவார்கள். சூடு தாங்காமல் வெளியே வரும் பூச்சியை நசுக்குவார்கள், கட்டிலைத் தரையில் தட்டி உதிர்ப்பார்கள். இடுக்கில் ஒட்டியிருக்கும் முட்டை இதற்கெல்லாம் மசியாது. அதற்குத்தான் கட்டில் சட்டத்தின் மூட்டுகளில் கொதிநீர் ஊற்றுவது. மண்ணெண்ணெய் பூசியவர்களும் உண்டு.

1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. கொசுவுக்கு அடித்த மருந்தில் மூட்டைப்பூச்சியும் செத்தது, ஆனால் கொஞ்ச காலம்தான். ஹவாய்த் தீவுகளின் பேர்ள் ஹார்பரில் 1947இலேயே டி.டி.டி.க்கு அசையாத மூட்டைப்பூச்சிகள் காணப்பட்டிருந்தன. இந்தியாவிலும் அதே கதை நடந்தது. பின்னர் கடைகளில் டிக்-20 போன்ற மருந்துகள் வந்தன. இன்று பல நாடுகளில் பைரித்ராய்டு மருந்துகளுக்கும் இப்பூச்சி பணிவதில்லை.

வலப்பக்கப் பிளவு பெண்ணின் தற்காப்பு என்பதே இன்றைய விளக்கம். குத்து விழும் இடம் ஒன்றே என்பதால் காயத்தையும் அதன் வழி நுழையும் நுண்ணுயிர்களையும் அங்கேயே சமாளிக்க முடிகிறது. பிளவுக்குக் கீழே உள்ள பை நிறைய இரத்த அணுக்கள் இருப்பது அதற்காகத்தான். அப்படியும் சேதம் முழுதாகத் தவிர்வதில்லை. 2001இல் ஸ்டட், சிவா-ஜோதி இருவரும் வெளியிட்ட ஆய்வின்படி, ஆண்களிடம் வழக்கமான அளவில் குத்துப்படும் பெண், தேவையான அளவு மட்டும் இணையும் பெண்ணைவிடச் சுமார் கால் பங்கு குறைவாகவே முட்டையிடுகிறது.