மலைநாட்டு மக்களும் நூல்நிலையமும்

நூல்நிலையம் என்றதும் அமைதியான மண்டபமும் வரிசையான அலமாரிகளும் நம் நினைவுக்கு வருகின்றன. படித்தவர்கள் ஓய்வு நேரத்தில் நாடிச் செல்லும் இடம் என்றே பலரும் அதனைக் கருதுகின்றனர். ஆனால் ஹட்டனையும் நுவரெலியாவையும் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களின் சரித்திரத்தைப் படிக்கும்போது, வேண்டிய ஏட்டைத் தேடிக் கொடுக்கும் உதவி ஓய்வுநேர விஷயமன்று, உரிமைப் பிரச்சினை என்பதை நாம் உணருகிறோம். ஒரு தாளைக் காட்ட இயலாத காரணத்தால் குடும்பம் குடும்பமாக மக்கள் நாடற்றவராக்கப்பட்ட பூமி அது.

தமிழகத்துக் கிராமங்களிலிருந்து 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு மக்கள் வரத் தொடங்கினர். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் மலைச்சரிவெல்லாம் தேயிலையாயிற்று. இக்காலம் முழுவதும் தோட்டங்களில் எழுத்து வேலை குறைவின்றி நடந்தது. செக்ரோல் எழுதப்பட்டது, கடன் கணக்கு எழுதப்பட்டது, தோட்டம் மாறுகிற தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’ எழுதப்பட்டது. அத்துண்டு இன்றி வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. 1921இல் அம்முறை ஒழிக்கப்படும் வரை, எழுதிய தாள் என்பது தொழிலாளியைக் கட்டிவைத்த கயிறாகவே இருந்தது. பெர்குசன் வெளியிட்ட இலங்கை டைரக்டரியில் தோட்டத்தின் பெயர், ஏக்கர் அளவு, துரையின் பெயர் யாவும் உண்டு. அந்த நிலத்தைத் திருத்திய ஆயிரக்கணக்கானவர்களின் பெயர் இல்லை. யார் பெயரை எழுதுவது, யார் பெயரை விடுவது என்பதிலும் வர்க்கம் இருக்கிறது.

எழுத்தைத் தொழிலாளியின் பக்கம் திருப்பிய முதல்வர்களில் தலையாயவர் தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர். அந்நியர் எவரும் துரையின் அனுமதியின்றித் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலத்தில், புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் சென்று நிலைமையைக் கண்டவர் அவர். 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ என்று பத்திரிகைகள் நடத்தினார். 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்து, ஹட்டனை அதன் நிலைக்களமாக்கினார். சட்டம் என்ன சொல்கிறது, சம்பளம் எவ்வளவு தரவேண்டும் என்பவற்றைச் சிறு பிரசுரங்களாக எளிய தமிழில் எழுதினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் அவற்றையே பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். எழுத்தறியாதவனுக்கு அரசாங்க ஏட்டின் பொருளை விளக்கிச் சொல்வதுதான் ஆராய்ச்சி உதவியின் முதற்படி என்றால், மலைநாட்டில் அந்த உதவி கல்லூரிக்குள் தொடங்கவில்லை. தொழிற்சங்கக் காரியாலயத்தில் தொடங்கிற்று.

அதே 1931இல் சென்னையில் எஸ். ஆர். ரங்கநாதன் நூலக இயலின் ஐந்து விதிகளைக் குறித்த நூலை வெளியிட்டார். நடேசய்யர் பிறந்த அதே தஞ்சை ஜில்லாவில், மன்னார்குடியில், கிராமம் கிராமமாக நூல்களை ஏற்றிச் செல்லும் மாட்டுவண்டி நூல்நிலையமும் அவ்வாண்டே புறப்பட்டது. வாசகன் வரட்டும் என்று நூல் காத்திருக்கலாகாது. வாசகனைத் தேடி நூல் செல்ல வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் சாரம். ஊரில் தங்கிவிட்ட உழவனுக்கு வண்டியேறி வந்த நூல், கடல் கடந்த அவன் சகோதரனின் லயத்துக்கு வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை? 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 6 முதல் 10 வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் பொறுப்பைத் துரைமார்மீது சுமத்தியது. பிள்ளை கொழுந்து பறிக்கும் பருவத்தை எய்தியதும் படிப்பு முடிந்துவிட வேண்டும் என்பதே அதன் நடைமுறை அர்த்தம். ஓரறைக் கொட்டில், ஓராசிரியர், ஐந்து வகுப்புகள் என்ற நிலை பல தோட்டங்களில் நீடித்தது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெங்கும் புதிய வாழ்வைக் கொணர்ந்தபோதும் தோட்டப் பள்ளிகள் அதன் வட்டத்துக்கு வெளியே நின்றன. 1977 முதலாகத்தான் அவை அரசாங்கப் பொறுப்புக்கு வந்தன. மூன்று தலைமுறை பிந்தி வந்த கல்வி இது. நூல்நிலையம் பிந்தியதில் வியப்பென்ன?

இந்தப் பிந்தலின் விலை 1948இல் தெரிந்தது. அவ்வாண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களைப் பிரஜைகள் அல்லாதவராக்கிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்கள் பெற்றிருந்தது. 1952இல் அம்மக்களுக்கு வாக்குச் சீட்டே இல்லை. 1949இல் வந்த மற்றொரு சட்டம், விவாகமானவர் 7 ஆண்டும் விவாகமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இந்நாட்டில் வசித்ததாக நிரூபித்தால் உரிமை வழங்கப்படும் என்றது. காங்கிரஸ் முதலில் பகிஷ்கரித்து, பின்னர் விண்ணப்பிக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. 1951 ஆகஸ்டு வரையில்தான் அவகாசம். பிறப்புப் பதிவு எங்கே? தாய் தகப்பன் வந்த தேதி எது? எந்த மாதம் எந்தத் தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தது? செக்ரோல் துரையின் காரியாலயத்தில் இருந்தது. தொழிலாளியின் கையில் எதுவுமில்லை. ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றவர் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேரே. எஞ்சியோரின் தலைவிதியை 1964இல் இரு பிரதம மந்திரிகள் கூடி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தனர். நாடற்றோர் என்ற நிலை சட்டத்தால் நீங்க 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வரலாற்றை எழுதிவைத்தோர் யார்? தலவாக்கலையின் பிரதிநிதியாக 1947இல் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி 1983இல் நூலாக்கினார். நடேசய்யரின் வாழ்வை மறதியிலிருந்து மீட்டு 1988இல் நூலாக வெளியிட்டவர் சாரல்நாடன். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர். பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் பணிபுரிந்த எச். ஏ. ஐ. குணத்திலக்க, இலங்கை பற்றிய நூல்களையும் கட்டுரைகளையும் வகைப்படுத்தி 1970 முதல் பல தொகுதிகளாக நூற்பட்டியல் வெளியிட்டார். ஒரு நூலகர் ஆராய்ச்சியாளனுக்கு எத்துணை பெரிய துணையாக நிற்கக்கூடும் என்பதற்கு அது சான்று. இவர்களுடைய உழைப்பு எல்லாருக்கும் பயன்பட வேண்டுமானால், அதை மாணவனின் மேசைக்குக் கொண்டுவர ஒருவர் வேண்டும்.

ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி, கொட்டகலை ஆசிரிய கலாசாலை, பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி போன்ற நிலையங்கள் உள்ள பிரதேசம் இது. ஹைலண்ட்ஸில் கற்பித்து அதிபராகவும் விளங்கிய இர. சிவலிங்கம், 1960களில் ஒரு வாலிபர் தலைமுறையையே சிந்திக்க வைத்தார். அத்தகைய நிலையம் ஒன்றின் நூலகத்துக்கு மாணவி ஒருத்தி வந்து, “எங்கள் தோட்டத்தின் சரித்திரம் வேண்டும்” என்று கேட்பதாகக் கொள்வோம். முதற் சிக்கலே பெயரில் இருக்கிறது. தொழிலாளர் தோட்டத்தை அழைக்கும் தமிழ்ப் பெயர் வேறு. ஏட்டில் உள்ள ஆங்கிலப் பெயர் வேறு. இரண்டையும் இணைக்கும் அட்டவணை ஒன்று வேண்டும். பின்னர் டைரக்டரியில் தோட்டத்தைக் காட்ட வேண்டும். 1923 முதல் கண்டியில் இருந்த இந்திய அரசாங்க ஏஜெண்டின் வருடாந்த அறிக்கைகளில் சம்பளமும் பள்ளியும் எவ்வாறிருந்தன என்று காட்ட வேண்டும். கொழும்புச் சுவடிக் கூடத்தில் எதைக் கேட்பது, எப்படி எழுதிக் கேட்பது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். துரைமாரின் பத்திரிகை எதை மறைக்கும் என்றும் எச்சரிக்க வேண்டும். முடிவில், “உன் பாட்டியிடம் கேட்டாயா?” என்று வினவ வேண்டும்.

நூலக விழாக்களும் இவ்வழியே அமையலாம். பிரமுகருக்கு மாலையிட்டு முடியும் வைபவத்தால் பயனில்லை. பெரட்டுக் களத்தில் நின்ற முதியவர்களை மேடைக்கு அழைத்துப் பேச வைத்து, அப்பேச்சைப் பதிவு செய்வதே விழாவாகலாம். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பாஸ்போர்ட்டு, விண்ணப்ப நகல், சங்கச் சந்தாச் சீட்டு ஆகியவற்றை ஒருநாள் கொணரச் செய்து, பிரதி எடுத்து, மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுக்கலாம். அதுவே சிறந்த கண்காட்சியாகும்.

பிரதி எடுப்பதன் அவசியத்தை நாம் அனுபவத்தால் அறிவோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே பிரதியாக இருந்தவை என்றென்றைக்கும் போயின. 2005இல் தோன்றிய ‘நூலகம்’ என்னும் மின்னூலக முயற்சி, மலையகப் பிரசுரங்களையும் உள்ளடக்கி ஆயிரமாயிரம் ஏடுகளை யாவரும் இலவசமாகப் படிக்கச் செய்திருக்கிறது. எனினும் திரையில் உள்ளதைத் தேடவும், ஐயுற்று ஆராயவும், ஒன்றோடொன்று ஒப்பிடவும் கற்றுக்கொடுக்கும் மனிதர் இன்றி அதுவும் பூட்டிய அலமாரிதான்.

2023இல், முன்னோர் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்தனர். அவ்வழியில் முன்னாளில் மாண்டவர்களின் பெயர்ப் பட்டியல் எதுவும் நம்மிடம் இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று கல்லூரிகளில் அமர்ந்திருக்கின்றனர். துரையின் கணக்கேட்டை விமர்சனக் கண்ணோடு வாசிக்கவும், தம் குடும்பக் கணக்கைத் தாமே எழுதவும் அவர்களுக்குத் துணை நிற்பது ஆசிரியர்களாகிய நம் கடமை. அடுத்த தலைமுறையிடம் எந்த அதிகாரியாவது சான்று கேட்பானாயின், “இதோ இருக்கிறது” என்று அவர்கள் எடுத்துக் காட்டட்டும்.