பகடை கற்பித்த கணக்கு

தீபாவளி இரவில் வட இந்திய நகரங்களில் பல இல்லங்களில் சீட்டாட்டம் நடைபெறக் காண்கிறோம். விடியுமுன் எழுந்து எண்ணெய் தேய்த்து நீராடிப் புத்தாடை உடுப்பதையே தீபாவளியாகக் கொண்டு வளர்ந்த நமக்கு இவ்வழக்கம் முதலில் வியப்பைத் தரும். எனினும், சூது பாரத நாட்டுக்குப் புதியதன்று. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்திலேயே சூதாடி ஒருவனின் புலம்பல் இடம்பெற்றுள்ளது. தருமன் நாடிழந்ததும் நளன் நாடிழந்ததும் சூதினாலேயே.

நளன் கதையைப் புகழேந்தியின் நளவெண்பா வாயிலாகத் தமிழர் நன்கு அறிவர். மகாபாரதம் அக்கதையைக் கூறுமிடத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. தேரில் செல்லும் இருதுபன்ன மன்னன் வழியில் ஒரு தான்றி மரத்தைக் கண்டு, அதன் இலைகளும் காய்களும் இத்தனை என்று நொடியில் உரைக்கிறான். தேர்ப்பாகனாக மறைந்து வாழும் நளன் இறங்கி எண்ணிப் பார்க்கிறான், கணக்கு பிசகவில்லை. பின்னர் அம்மன்னனிடமே நளன் கவற்றின் மறையைக் கற்றுக்கொள்கிறான். முற்காலத்தில் தான்றிக் காய்களே கவறாகப் பயன்பட்டன என்பதை நினைவிற்கொண்டால் கதையின் உட்பொருள் விளங்கும். சூதை வெல்ல எண்ணத் தெரிய வேண்டும் என்பதே அது.

ஆனால் எப்படி எண்ணுவது? அறிஞர்களையும் இடறச் செய்த கேள்வி இதுவே.

ஒரு பகடைக்கு ஆறு முகங்கள். அவற்றுள் ஐந்து என்னும் முகம் விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று. இரட்டைப்படை விழும் வாய்ப்பு ஆறில் மூன்று, அதாவது பாதி. நாம் விரும்பும் விளைவுகளை எண்ணி, நிகழக்கூடிய எல்லா விளைவுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே நிகழ்தகவு. இத்தாலிய மருத்துவரும் கணித அறிஞருமான கார்டானோ (1501–1576) தாமே சூதில் ஆழ்ந்தவர்; இவ்வகைக் கணக்கை ஒரு நூலாக எழுதி வைத்தார். அந்நூல் அவர் மறைந்து 87 ஆண்டுகள் கழித்து, 1663-இல்தான் அச்சேறியது.

இவ்விதி எளியது. ஆயினும் இதனுள் ஒரு நிபந்தனை மறைந்துள்ளது. எண்ணப்படும் விளைவுகள் யாவும் சம வாய்ப்புடையனவாக இருத்தல் வேண்டும். அந்த நிபந்தனையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று பகடை ஆட்டம் ஒரு சான்று. மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை 9 ஆவதற்கு ஆறு சேர்க்கைகள் உண்டு. 10 ஆவதற்கும் ஆறே. அவ்வாறிருந்தும் 10 சற்று மிகுதியாக விழுவதை இத்தாலிய ஆட்டக்காரர்கள் கண்டிருந்தனர். இப்புதிரை அவிழ்த்தவர் கலிலியோ. 3, 3, 3 என்னும் சேர்க்கை ஒரே வழியில்தான் விழும். 3, 3, 4 மூன்று வழிகளில் விழும். 1, 2, 6 ஆறு வழிகளில் விழும். இவ்வாறு எண்ணினால், மொத்தம் 216 வழிகளுள் 9-க்கு உரியவை 25. 10-க்கு உரியவை 27. சேர்க்கைகள் சமம், அவற்றின் எடை சமமன்று.

1654-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்கள் வாயிலாக வேறொரு சிக்கலை ஆராய்ந்தனர். இருவர் தலைக்கு 32 பொற்காசு பந்தயம் வைத்து ஆடுகின்றனர். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கே 64 காசும் உரியது. ஒருவர் இரண்டு ஆட்டமும் மற்றவர் ஒன்றும் வென்ற நிலையில் ஆட்டத்தை நிறுத்த நேர்ந்தால், காசை எப்படிப் பங்கிடுவது? மேலும் இரண்டு ஆட்டம் நடப்பதாகக் கொண்டால் நான்கு விளைவுகள் உண்டு. அவற்றுள் மூன்று முதல்வருக்கே வெற்றி தருவன. ஆகவே அவர் பங்கு 48. மற்றவர் பங்கு 16. ரோபெர்வால் என்ற அறிஞர் இதற்குத் தடை எழுப்பினார். முதல் ஆட்டத்திலேயே வெற்றி முடிவாகிவிட்டால், நடவாத இரண்டாம் ஆட்டத்தைக் கணக்கில் சேர்ப்பது முறையா என்று அவர் வினவினார்.

சரியாக நூறாண்டுகள் சென்ற பின், 1754-இல், அதே ஐயம் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் மீண்டும் தலைகாட்டியது. எழுதியவர் தலாம்பேர், ஐரோப்பாவின் முன்னணிக் கணித அறிஞருள் ஒருவர். பொருளோ நம் சிறுவர் ஆடும் பூவா தலையா. நாணயத்தை இரு முறை சுண்டினால் ஒரு முறையேனும் தலை விழும் வாய்ப்பு என்ன? நான்கில் மூன்று என்பது மரபான விடை. தலாம்பேர் இதை ஏற்கத் தயங்கினார். முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஆதலின் விளைவுகள் மூன்றே. விடை மூன்றில் இரண்டு என்றார். முதலிலேயே தலை விழுதல் பாதி எடை உடையது என்பதையும், எஞ்சிய இரண்டும் கால் பங்கு எடையே உடையன என்பதையும் அவர் கருதவில்லை.

தலாம்பேர் மற்றொன்றும் கூறினார். தொடர்ந்து பல முறை தலை விழுந்தால் அடுத்துப் பூ விழும் வாய்ப்பு கூடும் என்பது அவர் கருத்து. இக்கருத்து இன்றும் நம் இல்லங்களில் வாழ்கிறது. மூன்று பெண் பிறந்தாயிற்று, நான்காவது கட்டாயம் ஆண்தான் என்று எத்தனை வீடுகளில் சொல்லக் கேட்கிறோம்! அதுவும் பெண்ணாகிவிட்டால் பழி தாயின் மேல் விழுகிறது. ஒவ்வொரு பிறப்பிலும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியே. முன் பிறந்த மூவரும் அதை மாற்றுவதில்லை. பரிசுச் சீட்டிலும் இதே மயக்கம் உண்டு. தமிழ்நாட்டில் 2003-இல் அதன் விற்பனை தடை செய்யப்பட்டது; கேரள அரசோ 1967-இல் தொடங்கியதை இன்றும் நடத்தி வருகிறது. பத்தாண்டுகள் வாங்கி ஏமாந்தவருக்கும் இன்று முதன்முதலாக வாங்குபவருக்கும் ஒரு சீட்டின் வாய்ப்பு ஒன்றே. இழந்த பணம் எதிர்காலத்தின் மேல் உரிமை பெறுவதில்லை.

நெடுங்காலத்தில் எல்லாம் சமப்படும் என்பார்களே என்று சிலர் கேட்கலாம். 1713-இல் வெளிவந்த பெர்னூலியின் நூல் அதன் உண்மையை விளக்கியது. முதல் பத்து முறையும் தலையே விழுந்ததாகக் கொள்வோம். அடுத்த ஆயிரம் முறையில் சரிபாதி தலை விழுந்தால் மொத்தம் 1010-இல் 510. நூற்றுக்கு ஏறத்தாழ 50.5. பூ கூடுதலாக விழுந்து பழைய கடனைத் தீர்க்கவில்லை. பெருந்தொகையில் அக்கடன் சிறுத்துப்போயிற்று, அவ்வளவே.

சூதில் பிறந்த இக்கணக்கு நம் நாட்டில் ஆட்சிக்குத் துணையாயிற்று. 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகாலநோபிஸின் முயற்சியால் 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. கோடிக்கணக்கான குடும்பங்களின் நிலையைச் சில ஆயிரம் குடும்பங்களைக் கொண்டு மதிப்பிட முடிகிறது. ஆனால் பெருந்தெருவில் கண்ணில் பட்ட வீடுகளை மட்டும் கேட்டுச் சென்றால் சந்துகளில் வாழ்வோர் கணக்கில் வாரார். ஆதலின் ஒவ்வொரு குடும்பமும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு இன்னதென்று முன்கூட்டியே வகுக்கப்படுகிறது.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து, வெளிமாநில நகரங்களின் சந்துகளில் குடியிருக்கும் நம்மவர் பலருக்கு இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. இருதுபன்னன் இலைகளை எண்ணினான். எண்ணப்படுவனவற்றின் எடையையும் அறிய வேண்டும் என்பதைப் பின்வந்தோர் கற்பித்தனர்.